தொட்டிக்குள் ஓட இடமில்லை

கடந்த மார்கழி விடுமுறையில் எங்கள் வீட்டு மீன் தொட்டியில் 9 நாட்களுக்குள் 11 மீன்கள் இறந்தன. ஒவ்வொன்று இறக்கும்போதும் தம்பி தன் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு போட்டான். பதினொராவது கோட்டைப் போட்டுவிட்டுக் கொப்பியை மூடினான். "நாமதான் கொன்ட, என்ன ராத்தா?" என்று கேட்டான்.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் எனக்கு அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. அதன் பிறகு படித்தும், கேட்டும், எஞ்சிய மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தும் நான் சேர்த்த பதிலே இக்கட்டுரை. எங்கள் பகுதியில் எத்தனையோ வீடுகளின் முன்மண்டபத்தில் மீன் தொட்டி இருக்கிறது. பிள்ளைகள் கேட்டதற்காகப் பெற்றோர் வாங்கிக் கொடுத்தவையே அவற்றில் அதிகம். எங்களுக்கு நடந்தது வேறு வீட்டில் நடக்காதிருக்க இது உதவினால் போதும்.

நடந்தது என்ன?

எங்கள் தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். அதில் 6 கப்பிகள், 4 மொலிகள், 2 ஏஞ்சல்கள் என 12 மீன்கள் ஏழெட்டு மாதமாக நன்றாகவே இருந்தன. விடுமுறை தொடங்கியதும் ஒரு கடையிலிருந்து கறுப்புக் கோடு போட்ட 2 டைகர் பாப் மீன்களை வாங்கி வந்தோம். "எல்லாத்தோடயும் ஒண்டா விடலாம்" என்றார்கள். நம்பினோம்.

புதியவை வரும் வீடு சுத்தமாக இருக்கட்டும் என்று அன்றே தொட்டியைக் கழுவினேன். வடிகட்டியின் பஞ்சைக் கிணற்று நீரில் பிழிந்து பிழிந்து அலசினேன். மாரி வெள்ளம் வடிந்து, கிணறுகளுக்குக் குளோரீன் போட்டிருந்த வாரம் அது. தண்ணீரில் மணம் இருந்ததை நானே உணர்ந்தேன். ஆனாலும் அந்த நீரையே தொட்டியிலும் நிரப்பினேன். பிறகு புதிய மீன்களைப் பை நீரோடு உள்ளே ஊற்றினேன்.

இரண்டாம் நாள் ஏஞ்சல்களின் நீண்ட செட்டைகள் கிழிந்திருந்தன. மூன்றாம் நாள் கிழிந்த இடத்தில் பஞ்சு போல வெள்ளையாக ஏதோ படர்ந்தது. நான்காம் நாள் கடையில் நீல மருந்து வாங்கி ஊற்றினேன். ஐந்தாம் நாள் எல்லா மீன்களின் உடலிலும் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் வந்தன. பயந்து போய் மருந்தின் அளவை இரட்டிப்பாக்கினேன். யாரோ சொன்னார்கள் என்று, உம்மாவின் மருந்துப் பெட்டியில் மீந்திருந்த ஒரு கெப்சியூலையும் பிரித்துப் போட்டேன். ஆறாம் நாளிலிருந்து வரிசையாக இறந்தன. எஞ்சியவை ஒரு மொலியும், அந்த 2 டைகர் பாப்களும்தான்.

எங்கள் மூத்தவாப்பா இளமையில் வாவியில் வலை வீசியவர். தொட்டியின் முன்னால் கொஞ்ச நேரம் குந்தியிருந்துவிட்டுச் சொன்னார்: "வாவியில ஒரு மீன் கடிச்சா மத்தது ஓடித் தப்பிரும். இதுக்குள்ள அது எங்க மகள் ஓடுற?"

நான் பிறகு வாசித்தவற்றுக்கெல்லாம் திறவுகோல் இந்தக் கேள்விதான். தொட்டி மீன்களின் நோயையும் சண்டையையும் நாம் இரண்டு பிரச்சினைகளாகப் பார்க்கிறோம். உண்மையில் அவை ஒரே கயிற்றின் இரு முனைகள். துரத்தப்படும் மீன் ஓய்வதில்லை, ஒழுங்காக உண்பதில்லை. அதன் உடலில் கோட்டிசோல் என்னும் ஓமோன் தொடர்ந்து சுரந்து நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கிறது. கடிபட்ட இடத்தில் உடலைக் காக்கும் சளிப்படலம் கிழிகிறது. எந்த நீரிலும் எப்போதும் இருக்கும் பங்கசும் பற்றீரியாவும் அந்த வாசலால் நுழைகின்றன. நோய்ப்பட்டு மெதுவாக நீந்தும் மீனை மற்றவை இன்னும் அதிகமாகக் கடிக்கின்றன. வாவியில் இந்தச் சுற்றை உடைக்க இடம் இருக்கிறது. தொட்டியில் அதை உடைக்க வேண்டியவர்கள் நாம்.

முதலில் தண்ணீர்

மீன் நோயுற்றால் நாம் முதலில் மருந்தைத் தேடுகிறோம். தேட வேண்டியது தண்ணீரின் நிலையை.

மீன்கள் செவுள் வழியாகவும் கழிவாகவும் அமோனியாவை வெளியேற்றுகின்றன. உண்ணாமல் எஞ்சும் தீனியும் அழுகி அமோனியாவாகிறது. அது செவுளை எரிக்கும் நஞ்சு. தொட்டியில் வாழும் ஒருவகைப் பற்றீரியாக்கள் அதை நைத்திரைற்றாக மாற்றுகின்றன. அதுவும் நஞ்சே. இன்னொரு வகை அதை நைத்திரேற்றாக மாற்றுகிறது. நைத்திரேற்றின் தீங்கு மிகக் குறைவு, அதை வாராந்த நீர்மாற்றத்தால் அகற்றிவிடலாம். வகுப்பில் நைதரசன் வட்டம் என்று படிப்பதன் ஒரு பகுதி நம் வீட்டு மண்டபத்திலேயே நடக்கிறது.

இந்தப் பற்றீரியாக்கள் பெரும்பாலும் வாழ்வது வடிகட்டியின் பஞ்சிலும் அடிக்கற்களிலும்தான். புதிய தொட்டியில் அவை பெருகி நிலைபெற 4 முதல் 6 வாரங்கள் ஆகும். தொட்டி வாங்கிய அன்றே மீன்களை நிறைய விட்டு, ஒரு வாரத்தில் அவை இறப்பதைப் பார்ப்பவர்கள் இந்தக் காலத்தைத்தான் தவறவிடுகிறார்கள். நான் செய்ததோ, மாதக்கணக்காக வளர்ந்திருந்த பற்றீரியாக்களைக் குளோரீன் நீரில் அலசிக் கொன்றது. அழுக்கு என்று நினைத்து நான் பிழிந்து ஊற்றியதுதான் அந்தத் தொட்டியின் உயிர்ப்பு. இப்போது பஞ்சை, தொட்டியிலிருந்து வெளியே எடுத்த நீரிலேயே மெதுவாக அலசுகிறேன்.

நம் பிரதேசத்து வெப்பமும் இதில் ஒரு காரணி. நீரின் வெப்பநிலையும் காரத்தன்மையும் கூடக் கூட அமோனியாவின் நச்சுத்தன்மை கூடுகிறது. வெப்பமான நீரில் கரைந்திருக்கும் ஒட்சிசனும் குறைவு. ஆகவே குளிர்நாட்டுப் புத்தகம் சொல்லும் எண்ணிக்கையைவிட நாம் குறைவாகவே மீன்களை வைக்க வேண்டும். 2022 இல் மணிக்கணக்கான மின்வெட்டுகளில் வீட்டுத் தொட்டிகள் பட்டபாடு பலருக்கு நினைவிருக்கும். மின்சாரம் நின்றால் தீனியை நிறுத்தி, ஒரு கோப்பையால் நீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தால் ஓரளவு ஒட்சிசன் கலக்கும்.

நீர் மாற்றும்போது குழாய் நீரானாலும், குளோரீன் இட்ட கிணற்று நீரானாலும் வாயகன்ற வாளியில் ஒரு நாள் வைத்து, முடிந்தால் காற்றுக் குமிழியும் விட்டுப் பயன்படுத்துங்கள். வாரம் ஒருமுறை தொட்டி நீரில் நான்கில் ஒரு பங்கை மாற்றினால் போதும். முழு நீரையும் ஒரேயடியாக மாற்றுவது மீனுக்கு அதிர்ச்சி.

ஏன் கடிக்கின்றன?

டைகர் பாப் கெட்ட மீன் அல்ல. சுமாத்திரா, போர்னியோத் தீவுகளைச் சேர்ந்த இந்த மீன் கூட்டமாக வாழ்வது. கூட்டத்துக்குள் ஒன்றையொன்று துரத்தி, யார் முன்னே யார் பின்னே என்று ஒரு வரிசையை அமைத்துக்கொள்கிறது. ஆறு, எட்டு என்று இருக்கும்போது அந்த விளையாட்டு தங்களுக்குள்ளேயே முடிந்துவிடும். இரண்டே இரண்டை வாங்கினால் துரத்துவதற்கு வேறு யாரையாவது தேடும். மெதுவாக நீந்தும், நீண்ட செட்டையுள்ள ஏஞ்சல் அதற்கு ஏற்ற இலக்கு. எங்கள் தொட்டியில் அதுதான் நடந்தது.

சண்டைக்கான காரணங்கள் மீனுக்கு மீன் வேறுபடும். ஃபைட்டர் என்று நாம் சொல்லும் தாய்லாந்து மீனின் ஆண்கள் இரண்டை ஒன்றாக விட்டால் ஒன்று சாகும்வரை கூடச் சண்டை தொடரும். அமேசன் பகுதியைச் சேர்ந்த ஏஞ்சல் குட்டியாக இருக்கும்போது சாது. வளர்ந்து சோடி சேர்ந்து முட்டையிட்டதும் தொட்டியின் பாதியைத் தன் எல்லையாக்கி மற்றவற்றை மூலைக்குத் தள்ளும். வாய்க்குள் அடங்கும் கப்பிக் குஞ்சுகளையும் விழுங்கும். கப்பியில் ஆண்கள் அதிகமானால் பெண் மீனுக்கு ஓய்வே கிடைக்காது. ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண்கள் இருந்தால் அந்தத் தொல்லை பங்கிடப்படும்.

ஆகவே மீன் வாங்கும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். வளர்ந்தால் எவ்வளவு பெரிதாகும்? கூட்டமாக வாழுமா, தனியாகவா? எந்த வகை நீர் அதற்கு வேண்டும்? கப்பியும் மொலியும் சற்றுக் கடினமான, காரத்தன்மையுள்ள நீரை விரும்புபவை. ஏஞ்சலும் டைகர் பாப்பும் மென்மையான நீரிலிருந்து வந்தவை. பண்ணையில் வளர்ந்தவை இரண்டு நீரையும் ஓரளவு தாங்கும். ஆயினும் எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் இடும்போது யாரோ ஒருவர் எப்போதும் கொஞ்சம் கஷ்டத்திலேயே இருப்பார்.

சண்டை ஏற்கனவே தொடங்கிவிட்டால்? முதலில் கடிபட்ட மீனைப் பிரித்தெடுங்கள். வேறு தொட்டி இல்லையென்றால் பக்கங்களில் துளையிட்ட பெரிய பிளாஸ்ரிக் போத்தலை அதே தொட்டியில் மிதக்கவிட்டு அதற்குள் வைக்கலாம். நீர் ஒன்றே, ஆனால் கடி எட்டாது. அதன்பின் கற்களையும் செடிகளையும் இடம் மாற்றி அடுக்குங்கள். எல்லை பிடித்து வைத்திருந்த மீனுக்குத் தன் இடம் அடையாளம் தெரியாமல் போகும். பார்வையை மறைக்கும் செடிகள் கூடினால் துரத்துவது குறையும். புதிய மீனை விளக்கணைத்த பிறகு, மற்றவை உண்டு முடித்த நேரத்தில் விடுங்கள். இத்தனைக்குப் பிறகும் ஒன்று அடங்கவில்லையென்றால் அது அந்தத் தொட்டிக்கு உரிய மீன் அல்ல.

நம் களப்புகளின் பாடம்

நோய்க்கும் சண்டைக்கும் உள்ள உறவை மிக அழகாகக் காட்டும் இரண்டு மீன்கள் இலங்கையின் களப்புகளிலேயே இருக்கின்றன. ஒன்று, சிங்களத்தில் கொரலியா என்றும் ஆங்கிலத்தில் கிரீன் குரோமைட் என்றும் அழைக்கப்படும், குழம்புக்கு வாங்கும் தட்டையான மீன். மற்றது அதன் சிறிய உறவான ஒரேஞ் குரோமைட். பெரும்பாலும் 8 சென்ரிமீற்றருக்குள் அடங்கும் மஞ்சள் நிற அழகி. உலகெங்கும் அலங்கார மீனாக வளர்க்கப்படுகிறது.

வைமன், வார்ட் என்ற இரு ஆய்வாளர்கள் இவ்விரண்டுக்கும் இடையிலான உறவை 1972 இல் விவரித்து எழுதினார்கள். இளம் ஒரேஞ் குரோமைட்டுகள் பெரிய கொரலியாவின் உடலையும் செட்டையையும் கொத்தி, அதில் ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணிகளை உண்கின்றன. சிறியதற்கு உணவு, பெரியதற்கு வைத்தியம். இதே சிறிய மீன்தான் சந்தர்ப்பம் கிடைத்தால் அந்தக் கொரலியாவின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றுவிடுகிறது. வைத்தியரும் திருடரும் ஒருவரே!

களப்பில் இந்த உறவு நிலைப்பதற்கு அங்குள்ள இடமும் உதவுகிறது. கூட்டைக் காக்கும் கொரலியா சிறிய மீனைத் துரத்தினால் அதற்குப் போக இடமுண்டு. கூடில்லாத வேளையில் வைத்தியம் தேடி நெருங்கவும் இடமுண்டு. இதே இரண்டையும் 2 அடிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் வைத்தியம் மறைந்து சண்டை மட்டுமே மிஞ்சக்கூடும். மீனின் குணம் பாதிதான் மீனிடம் இருக்கிறது. மீதி, நாம் அதற்குக் கொடுக்கும் இடத்தில் இருக்கிறது.

வெள்ளைப் புள்ளி நோய்

எங்கள் மீன்களைக் கடைசியாகச் சாய்த்தது இதுதான். உயிரியல் பெயர் இக்தியோப்திரியஸ் மல்ரிபிலிஸ். 1876 இல் ஃபூக்கே என்ற பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர். 'பல பிள்ளைகளையுடைய மீன் பேன்' என்பது பொருள். உண்மையில் இது பேன் அல்ல, பிசிர்களால் நீந்தும் ஒரு தனிக்கல உயிரி. பிள்ளைகள் விடயத்தில் பெயர் மிகச் சரி.

நாம் காணும் ஒவ்வொரு வெள்ளைப் புள்ளியும் மீனின் தோலுக்கடியில் இருந்து உண்டு கொழுக்கும் ஓர் ஒட்டுண்ணி. முதிர்ந்ததும் அது மீனை விட்டு விழுந்து அடியில் ஒட்டிக்கொள்கிறது. தன்னைச் சுற்றி ஓர் உறையிட்டு, உள்ளே பிரிந்து பிரிந்து நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகிறது. உறை வெடித்ததும் அவை நீந்திப் புறப்பட்டு ஏறக்குறைய 2 நாட்களுக்குள் ஒரு மீனைப் பிடிக்க வேண்டும், இல்லையேல் இறந்துவிடும். நம் நாட்டு வெப்பத்தில் இந்தச் சுற்று முழுவதும் சில நாட்களிலேயே முடிகிறது.

இந்த வாழ்க்கை வட்டத்தில்தான் சிகிச்சையின் இரகசியம் இருக்கிறது. தோலுக்கடியில் இருப்பதை மருந்து தொடாது. உறைக்குள் இருப்பதையும் தொடாது. நீந்தித் திரியும் அந்தக் குறுகிய காலத்தில் மட்டுமே கொல்லலாம். ஆகவே அளவை இரட்டிப்பாக்குவதால் பயனில்லை, மீன்தான் நஞ்சேறும். சரியான அளவைப் போதிய நாட்கள் தொடர்வதே முறை. புள்ளிகள் மறைந்ததும் 'குணமாகிவிட்டது' என்று நிறுத்துபவர்கள் ஒரு வாரத்தில் இரண்டாம் அலையைச் சந்திக்கிறார்கள். மறைந்த புள்ளிகள் அடியில் விழுந்து பெருகிக்கொண்டிருக்கின்றன.

எளிய சிகிச்சை உப்பு. கணக்கு இதோ. எங்கள் தொட்டி 60 சென்ரிமீற்றர் நீளம், 30 அகலம், நீர் நிற்கும் உயரம் 25. பெருக்கினால் 45,000 கன சென்ரிமீற்றர், அதாவது 45 லீற்றர். ஒரு லீற்றருக்கு 2 கிராம் என்றால் 90 கிராம் உப்பு. கடல்நீரில் லீற்றருக்குச் சுமார் 35 கிராம் இருக்கிறது, எனவே இது கடலின் பதினேழில் ஒரு பங்குதான். சமையலறைத் தராசில் நிறுத்து, வேறு பாத்திரத்தில் கரைத்து, மூன்று பங்காக்கி ஒன்றரை நாளில் சேருங்கள். உப்புக் கட்டிகள் மீனின் மேல் விழக்கூடாது. 10 முதல் 14 நாட்கள் தொடருங்கள். உப்பு ஆவியாகாது. ஆகவே வற்றிய நீருக்கு வெறும் நீரையே ஊற்றுங்கள். நீர் மாற்றும்போது மட்டும், மாற்றிய நீரின் அளவுக்கு உப்புச் சேருங்கள். நீர்ச் செடிகளும் செதிலில்லாத சில மீன்களும் உப்பைத் தாங்கா என்பதையும் கவனியுங்கள். மொலி உப்பைத் தாராளமாகத் தாங்கும் மீன்.

மாரி காலத்தில் இந்நோய் தலைகாட்ட ஒரு காரணம், வெப்பநிலை திடீரென இறங்குவது. யன்னலோரத் தொட்டியை அக்காலத்தில் உள்ளே நகர்த்துவது நல்லது.

ஏனைய நோய்கள்

செட்டை ஓரம் வெளுத்து, தும்புதும்பாக அரிக்கப்பட்டால் அது செட்டை அழுகல், பற்றீரியாவால் வருவது. பெரும்பாலும் கடிக்கோ கெட்ட நீருக்கோ பின்பே வரும். கடியை நிறுத்தி நீரைத் திருத்தினால் தொடக்க நிலையில் செட்டை தானே வளரும். பஞ்சு போலப் படர்வது பெரும்பாலும் பங்கசு. அது புண்ணில்தான் முளைக்கும், ஆகவே புண் எப்படி வந்தது என்று தேடுங்கள். வயிறு வீங்கிச் செதில்கள் அன்னாசிப் பழம் போல நிமிர்ந்தால் உள்ளுறுப்புகள் பழுதடைந்திருக்கும், காப்பாற்றுவது அரிது. நீரின் மேற்பரப்பில் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் நோயென்று முடிவெடுக்கும் முன் ஒட்சிசனையும் அமோனியாவையும் சந்தேகித்து உடனே கொஞ்சம் நீரை மாற்றுங்கள்.

மருந்து தேவைப்பட்டால் நோயுற்ற மீனைத் தனி வாளியில் வைத்துக் கொடுப்பதே சிறந்தது. மெதிலீன் நீலம் போன்றவை வடிகட்டியின் நல்ல பற்றீரியாக்களையும் கொல்லக்கூடியவை. மனிதருக்கான அன்ரிபயோற்றிக் கெப்சியூலைத் தொட்டியில் போடுவது நான் செய்த தவறுகளில் மிகப் பெரியது. வெள்ளைப் புள்ளி பற்றீரியாவால் வருவதல்ல, எனவே அந்த மருந்தால் ஒரு பயனும் இல்லை. எஞ்சியிருந்த நல்ல பற்றீரியாக்களும் அழிந்து அமோனியா ஏறவே அது வழிசெய்திருக்கும். மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்கள் உருவாகவும் இத்தகைய பாவனை இடங்கொடுக்கிறது.

பெற்றோருக்கு ஒரு சொல். கையில் காயமுள்ள பிள்ளைகள் தொட்டிக்குள் கைவிடக் கூடாது. மீன்களிடமிருந்து மனிதத் தோலில் தொற்றி, நாட்பட்ட புண்ணை உண்டாக்கும் ஒரு பற்றீரியா உண்டு. நீரை இறக்கும் குழாயை வாயால் உறிஞ்சவும் கூடாது. வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கை கழுவ வேண்டும்.

கடிக்கும் மீனை எங்கே விடுவது?

எல்லாம் முடிந்த பிறகு அந்த 2 டைகர் பாப்களும் தொட்டியில் கம்பீரமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. தம்பி அவற்றைப் பார்க்கவே மறுத்தான். "வாவியில உட்டுருவம் மகள், அதுவும் ஒரு உசிருதானே, பொழச்சிப் போகட்டும்" என்றார் வாப்பா. இரக்கத்தோடு சொன்ன வார்த்தைதான். ஆனால் நான் மறுத்தேன்.

பாலமீன்மடு முகத்துவாரத்துக்கு அருகில் வாவி நீர் உப்பு. அங்கே விட்டால் நன்னீர் மீன் துடித்துச் சாகும். மழைக்காலத்தில் நன்னீர் நிறையும் பகுதியில் விட்டால் பிழைக்கலாம். பிழைத்தால் அது இன்னும் பெரிய பிரச்சினை. அலங்கார மீனாக இந்நாட்டுக்கு வந்த குளௌன் நைஃப் மீன் இன்று மேல் மாகாண நீர்நிலைகளில் பெருகி உள்ளூர் மீன்களைத் தின்கிறது. 'டாங்க் கிளீனர்' என்று வாங்கப்படும் தென்னமெரிக்க மீன் வளர்ந்து பெருத்ததும் வெளியே விடப்பட்டு நீர்த்தேக்கங்களில் குடியேறியிருக்கிறது. வாழைச்சருகு போல மெல்லிய ஒரு பைக்குள் வந்த மீன் ஒரு குளத்தையே மாற்றிவிடுகிறது. மீனோடு அதன் நோயும் சேர்ந்தே போகும். வெள்ளைப் புள்ளியோடு இருந்த தொட்டி நீரையும் வாய்க்காலில் ஊற்றாமல், வெயில் படும் காய்ந்த நிலத்திலேயே ஊற்றினோம்.

மாமாவின் வீட்டில் 3 அடித் தொட்டியொன்றில் 6 டைகர் பாப்கள் இருந்தன. எங்கள் இரண்டையும் நோய் முற்றாக நீங்கிய பிறகு அங்கே கொடுத்தோம். எட்டாகிவிட்ட கூட்டத்தில் அவை தங்களுக்குள்ளேயே ஓடித் திரிகின்றன. அங்குள்ள வேறு எந்த மீனின் செட்டையும் கிழியவில்லை. மீன் மாறவில்லை, இடம் மாறியது.

தம்பிக்குச் சொன்ன பதில்

பூனையொன்றைக் கட்டிவைத்து, உணவும் கொடுக்காமல், தானே தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண்ணின் செய்தியை நாம் எல்லோரும் சிறு வயதிலேயே கேட்டு வளர்ந்தவர்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மீனை வைத்த கணத்திலிருந்து அதன் நீரும், தீனியும், அயலவரும் நம் பொறுப்பு.

அதனால் தம்பியிடம் மறைக்கவில்லை. "ஓம், நாமதான். தெரியாமச் செஞ்ச. இனித் தெரிஞ்சி செய்வம்" என்றேன். இரண்டு மாதம் கழித்து, அந்த ஒற்றை மொலிக்குத் துணையாக 5 மொலிகள் வாங்கினோம். பை நீரைத் தொட்டியில் ஊற்றவில்லை. காற்றுக் குமிழி விட்ட ஒரு வாளியில் 3 வாரம் தனியே வைத்தோம். தொட்டிக்கும் வாளிக்கும் வேறு வேறு வலை. தம்பிக்குப் பொறுக்கவில்லை, ஒவ்வொரு நாளும் "இண்டைக்கு உடுவமா?" என்று கேட்டான்.

நான்காம் நாள் காலையில் வாளிக்கு முன்னால் குந்தியிருந்தவன் என்னைக் கூப்பிட்டான். ஒரு மொலியின் வாலில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள். இம்முறை அவன் பயப்படவில்லை. வாளியில் 10 லீற்றர் நீர் இருந்தது. தானே கணக்குப் பார்த்து 20 கிராம் உப்பை நிறுத்து, மூன்று பங்காகக் கரைத்து வைத்தான். 14 நாட்கள் விடாமல் தொடர்ந்தோம். ஐந்தும் பிழைத்தன.

அந்தக் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் 11 கோடுகளும் இன்னும் இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே இப்போது திகதிகள் வரிசையாக எழுதப்படுகின்றன. ஒவ்வொன்றும் நீர் மாற்றிய நாள்.